முக்கால் சுற்று

நாலாம் நாள் பிள்ளை பச்சையாகச் சர்த்தித்தது.
அஜிலா அதைத் துண்டால் துடைத்து
துண்டை மடித்து வைத்துக்கொண்டாள்.
சின்னத்துறையிலிருந்து ஆசாரிப்பள்ளம் வரும்வரை
ஆம்புலன்சில் அது அவள் கையிலேயே இருந்தது.
என் மேசைமேல் விரித்தாள்.
"மஞ்சளில்ல டாக்டரே, பாசி நிறம்."

அந்தப் பச்சையைக் கண்டபின்
எடுக்கிற படமெல்லாம் கோப்பில் ஒட்டத்தான்.
ஒப்பம் கேட்டோம்.
தகப்பன் டைட்டஸ் லட்சத்தீவுக்கு மேற்கே
சூரை பிடிக்கப் போய் இருபத்தாறு நாள்.
அவளே போட்டாள்.
கடைசி எழுத்தில் பேனா தாளைக் கிழித்தது.

சொல்ல நேரமில்லாமல் போனது இது:

எல்லார் குடலும் ஒருமுறை வீட்டைவிட்டுப் போகும்.
ஆறாம் வாரம்.
ஈரல் பாதி வயிற்றைப் பிடித்துக்கொள்ள
இடமில்லாமல் தொப்புள்கொடிக்குள் இறங்கி
நாலு வாரம் அங்கேயே நீளும், வளையும்.
உடம்புக்கு உரியது உடம்புக்கு வெளியே.
பத்தாம் வாரம் திரும்பி வரும்.
போகையில் கால் சுற்று, வருகையில் அரைச் சுற்று,
ஒற்றைத் தமனியை அச்சாக்கி
கடிகாரத்துக்கு எதிராக முக்கால் சுற்று.
ஒருவருக்கும் தெரியாது.
தாய்க்கு அப்போது மசக்கை, மீன்வாடை ஆகாது.

திரும்பினது தங்கவும் வேண்டுமே.
சாளையைக் கீறினால் வயிற்றுக்குள்
கறுப்பாய் ஒட்டியிருக்கும், சுரண்டி எறிவோம்,
அந்த உறைதான் நமக்குள்ளும்.
கறுப்பில்லை. நனைந்த வெங்காயத் தோல் மாதிரி.
பெரிட்டோனியம் என்று படித்தேன்.
வயிற்றுச் சுவரை மெழுகிக்கொண்டே போய்
முதுகருகே சுவரை விட்டெழுந்து
குடலை ஒரு சுற்றுப் போர்த்தி
வந்த வழியே திரும்பும்.
இரண்டு தாள் சேர்ந்த அந்த மடிப்பில்தான்
குடல் தொங்குகிறது, ரத்தம் வருகிறது.
மடி என்று சொல்லலாம்.
பிள்ளை கிடப்பது மடி. கரைவலையில் மீன் சேர்வது மடி.
செத்துப்போ என்பதற்கும்
அதே இரண்டு எழுத்து.

வளர்ந்த ஆளுக்கு அது முதுகில் ஒட்டும் வரி
முக்கால் சாண், இடமிருந்து வலம் சாய்வாக.
விளிம்பிலோ நாலு ஆள் நீளம்.
கொசுவம் வைத்த சேலை:
இடுப்பில் ஒரு பிடி, கீழே பெருவிரிவு.
அந்த முக்கால் சாண் இருக்கிறவரை முறுக்காது.

இந்தப் பிள்ளையின் குடல் திரும்பி வந்தது,
சுற்றவில்லை.
வரி விழ வேண்டிய இடத்தில் ஒரு காம்பு.
காம்பில் தொங்குவது சுழலும்.

இரவு இரண்டு மணி. ஐப்பசி மழை.
திறந்தேன். நாவல்பழம்.
மூன்று முறுக்கு.
எதிர்த்திசையில் ஒன்று, இரண்டு,
மூன்றாவது தானாகவே அவிழ்ந்தது.
சிஸ்டர் கிறேஸ்லெட் வெந்நீர்த் துணி போர்த்தினாள்.
பத்து நிமிடம் என்றேன்.
நசீமா மானிட்டரைப் பார்த்தாள், நான் துணியை.
எடுத்தபோது ஓரத்தில் சிவப்பு ஏறியிருந்தது.
ஒரு விரல் நீளம் மட்டும் வரவில்லை.
அதை வெட்டினேன்.

தவறிப்போன சுற்றைக் கையால் சுற்றிக் கொடுக்க முடியாது.
குறுக்கே கட்டிய பட்டைகளை அறுத்து
காம்பைப் பரத்தி, இன்னும் பரத்தி,
சிறுகுடல் எல்லாம் வலப்பக்கம்,
பெருங்குடல் இடப்பக்கம்.
எட்டாம் வாரத்தில் வெளியே கிடந்த அதே ஒழுங்கு.
குடல்வாலை எடுத்துவிட்டேன்;
பின்னொரு நாள் அது தப்பான பக்கம் வலித்து
ஏதோ ஒரு டாக்டரை ஏமாற்றும்.

ஏழாம் நாள் பால் குடித்தது.
துண்டு ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது,
கறை போகாமல்.
அஜிலா போனை என்னிடம் நீட்டினாள்.
சாட்டிலைட் போன், சொல் ஒவ்வொன்றும் தாமதித்து வந்தது.
"எல்லாம் அதுக்க அதுக்க எடத்தில வச்சாச்சா?"
"இல்லை. வேற எடத்தில. ஆனா அகலமா வச்சிருக்கு."
இரைச்சல். காற்றோ அவனோ.
"முறுக்காதே?"
முறுக்காது என்று சொல்ல வாயெடுத்து
"அநேகமா" என்றேன்.
அது அவனுக்குப் போய்ச் சேர
கொஞ்ச நேரம் ஆனது.